நகரத் திட்டமிடல் ஆராய்ச்சி: எங்கள் கிணற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"நிலைபேறான நகரத் திட்டமிடலும் பிராந்திய அபிவிருத்தியும் பற்றிய பொதுநிதி ஆராய்ச்சி" என்று ஒரு பதாகையில் கண்டால் எங்களில் பாதிப் பேர் வாசிக்காமலே தாண்டிப் போய்விடுவோம். மண்டபம், பூச்செண்டு, மங்கல விளக்கு, வரவேற்புரை, மத்தியானம் புரியாணி, அவ்வளவுதான் என்று ஒரு எண்ணம். அது முழுப் பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பதாகைக்குப் பின்னால் நடக்கிற, அல்லது நடக்க வேண்டிய, வேலை கொஞ்சம் கிட்டவான விஷயம். உங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரை உங்கள் பேரப்பிள்ளை குடிக்கலாமா, மாரி மழைக்கு ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்குமா, பக்கத்துக் காணியில் நாலு மாடி எழும்பினால் அதன் மலக்குழித் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் அதற்குள்தான் வருகிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம்.

நகரத் திட்டமிடல் என்றால், எந்த நிலத்தில் என்ன வரலாம், எது வரக்கூடாது, வீதி எவ்வளவு அகலம், வெள்ளம் எந்தப் பக்கம் வடியும், சந்தையும் பள்ளிக்கூடமும் பஸ் நிலையமும் எங்கே இருந்தால் சனத்துக்கு வசதி என்பதை முன்கூட்டியே யோசித்து முடிவெடுப்பது. இலங்கையில் 1946 இலேயே நகர, கிராம அமைப்புக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. வீடு கட்டுவதற்குப் பிளான் பாஸ் பண்ண மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் அலைகிறோமே, அது இந்தப் பெரிய ஏற்பாட்டின் கடைசி நுனி. "நிலைபேறான" என்ற அடைமொழி 1987 இல் வந்த ஐ.நா. ஆணைக்குழு அறிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்றைய தேவையைப் பார்க்கிற அவசரத்தில் பின்னால் வருகிறவர்களின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடக்கூடாது என்பதுதான் அதன் சாரம். 2015 இல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் 11 ஆவது முழுக்க முழுக்க நகரங்களைப் பற்றியது.

பிராந்திய அபிவிருத்தி கொஞ்சம் வேறு. நகரத்தின் எல்லைப் பலகை ஒரு இடத்தில் முடிகிறது, நகரத்தின் தேவைகள் அங்கே முடிவதில்லை. யாழ்ப்பாண மாநகரத்தின் குப்பையைப் பாருங்கள். அது காலாகாலமாகக் கல்லுண்டாய் வெளிக்குத்தான் போகிறது, அதன் புகையும் மணமும் அயல் ஊர்களுக்குப் போகிறது. காலையில் நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் சாவகச்சேரியிலும் கோப்பாயிலும் தீவகத்திலும் இருந்து வருகிறார்கள். மரக்கறி வலிகாமத்துத் தோட்டங்களில் இருந்து வருகிறது. குடிதண்ணீருக்குக் கிளிநொச்சி வரை கண் போகிறது. ஒரு சபையின் எல்லைக்குள் இருந்து மட்டும் யோசித்தால் இதில் ஒன்றுக்கும் விடை வராது. சுற்றியிருக்கிற பிரதேசத்தையும் சேர்த்து யோசித்தால் அதுதான் பிராந்தியத் திட்டமிடல்.

சரி, இதில் ஆராய்ச்சி எங்கே வருகிறது? திட்டம் போடுகிறவர் கடைசியில் ஒரு வரைபடத்தில் நிறம் தீட்டத்தான் வேண்டும்: இது குடியிருப்பு, இது வர்த்தகம், இது விவசாயம், இது தொடக்கூடாத நிலம். அந்த நிறத்தை எதை வைத்துத் தீட்டுகிறார்? இந்த வயலை நிரவி வீடு கட்டினால் மழைத்தண்ணீர் எங்கே போகும், இந்த ஊரில் 2040 இல் எத்தனை பேர் இருப்பார்கள், இந்தக் கிணறுகளில் இருந்து எவ்வளவு இறைத்தால் உப்பு ஏறாது என்ற கேள்விகளுக்கு யாராவது ஏற்கெனவே விடை தேடி வைத்திருக்க வேண்டும். அந்தத் தேடல்தான் ஆராய்ச்சி. அது இல்லாவிட்டால் நிறத்தை யாருடைய குரல் உரக்கக் கேட்கிறதோ அவரே தீட்டுவார்.

பொதுநிதி என்பது எங்கள் காசு. வருமான வரி கட்டாதவர்கூட 2024 ஜனவரியில் இருந்து கடையில் வாங்கும் பெரும்பாலான பொருட்களுக்கு 18 வீதம் பெறுமதிசேர் வரி கட்டுகிறார், அதில் ஒரு துளி பல்கலைக்கழகங்களுக்கும் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கும் நீர்வளச் சபைக்கும் போகிறது. துளி என்று சும்மா சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 வீதம்தான், அதுவும் எல்லாத் துறைகளையும் சேர்த்து. ஏன் அரசு செலவழிக்க வேண்டும், கம்பனிகள் செய்யட்டுமே என்று கேட்கலாம். புதிதாக ஒரு பூச்சிமருந்தைக் கண்டுபிடித்தால் கம்பனி அதை விற்றுக் காசாக்கும். ஒரு ஊரின் கிணறுகளில் இருபது வருடம் மாதாமாதம் நீர்மட்டம் அளந்தால் அதை யாருக்கு விற்பது? பயன் எல்லாருக்கும் போகும், செலவு ஒருவருக்கு விழும். அதனால் யாரும் தொடமாட்டார்கள். யாரும் தொடாத இந்த மாதிரி வேலைக்குத்தான் பொதுப்பணம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இதை விளங்கிக்கொள்வது இன்னும் லேசு, ஏனென்றால் பாடம் காலுக்குக் கீழேயே கிடக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும். இருப்பதெல்லாம் நிலத்தடி நீர். அது நிற்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள். அந்தக் கல் திடமான பாறை மாதிரி இல்லை, அப்பத்தைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படி, ஓட்டையும் வெடிப்பும் குகையுமாக இருக்கும். மழை விழுந்தால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதே வேகத்தில் நாங்கள் மேலே கொட்டுகிற எல்லாவற்றையும் உறிஞ்சும்.

மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர், அடியிலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புநீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், காரணம் இதுதான். இதற்கு நீரியலில் ஒரு பழைய கணக்கு உண்டு: நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டரைப் போட்டு இறைத்து இறைத்து மட்டம் 1 அடி நிரந்தரமாக இறங்கினால், அடியில் உப்பு 40 அடி மேலே ஏறத் தயாராகிறது. நடைமுறையில் கல்லின் அமைப்பைப் பொறுத்துக் கூடிக் குறையும், உடனேயும் நடக்காது, ஆனால் திசை அதுதான். கரையோர ஊர்களில் "முந்தி நல்ல தண்ணி, இப்ப சவர்" என்று ஆச்சிமார் சொல்வதற்குப் பின்னால் இருக்கிற பௌதிகம் இது.

இந்த வில்லைக்கு ஒரே வருமானம் மழை. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பரப்புக் காணி என்பது சுமார் 253 சதுர மீற்றர். அதில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25 ஆயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர் விழுகிறது, அதாவது கூரையில் வைக்கிற ஆயிரம் லீற்றர் தாங்கி இருபத்தைந்து. வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் என்று வைத்தால் ஒரு பரப்பில் 3 இலட்சம் லீற்றர். இதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு கடலுக்கு ஓடும், மிச்சம் கல்லுக்குள் இறங்கும். முற்றம் மண்ணாக இருந்தால் இறங்குவது கூட, கொங்கிறீட்டும் இன்டர்லொக் கல்லும் போட்டுத் தண்ணீரைக் கேற்றுக்கு வெளியே றோட்டுக்குத் தள்ளினால் குறைவு. வெளிநாட்டில் இருந்து வந்த அண்ணா ஆசையாகக் காணி முழுக்கக் கல் பதித்து "சேறு இல்லை, குப்பை கூட்டிற வேலையும் இல்லை" என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் காணியால் மட்டும் ஒன்றும் நடக்காது, ஒழுங்கை முழுக்க அப்படியே ஆனபிறகு மாரியில் றோட்டில் வெள்ளமும் ஆவணியில் கிணற்றில் வறட்சியும் சேர்ந்து வரும்போதுதான் தெரியவரும். ஒழுங்கை முழுக்க எவ்வளவு மூடப்பட்டுவிட்டது என்று யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஜெர்மனியைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அவர்கள் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். டிரெஸ்டன் நகரத்தில் 1992 இல் தொடங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது, லைப்னிட்ஸ் சங்கத்தைச் சேர்ந்தது. நகரங்களும் பிராந்தியங்களும் சூழலைக் கெடுக்காமல் வளர்வது எப்படி என்பதுதான் அதன் முழுநேர வேலை. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து காசு கொடுக்கின்றன. அங்கே நிலப் பயன்பாட்டை நாடு முழுக்க வருடாவருடம் கணக்கிட்டு யாரும் பார்க்கக்கூடிய வரைபடமாக இணையத்தில் போடுகிறார்கள். 2000 ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் நாளொன்றுக்குச் சுமார் 130 ஹெக்டேயர் நிலம் வீடு, வீதி, தொழிற்பேட்டை என்று மாறிக்கொண்டிருந்தது. எங்கள் கணக்கில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் பரப்புக்கு மேல். 2002 இல் அரசு "2020 க்குள் இதை 30 ஹெக்டேயருக்குக் கொண்டுவருவோம்" என்று இலக்கு வைத்தது. முடியவில்லை. பாதிக்கும் கீழே இறங்கியது, 30 வரவில்லை, தவணையை 2030 க்குத் தள்ளினார்கள். தோல்விதான். ஆனால் தோல்வி என்று சொல்வதற்கே அவர்களிடம் ஒரு எண் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குடாநாட்டில் கடந்த பத்து வருடத்தில் எத்தனை பரப்பு வயலும் தரவையும் சிமெந்துக்குக் கீழே போனது என்று இங்கே ஒரு கூட்டத்தில் எழும்பிக் கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் வரும்.

சுவீடன் வேறு மாதிரிச் செய்கிறது. அங்கே ஃபோர்மாஸ் என்று ஒரு அரச ஆராய்ச்சிச் சபை 2001 இல் இருந்து இயங்குகிறது. சூழல், விவசாயம், இடத்திட்டமிடல் மூன்றுக்கும் ஒரே சபைதான் நிதி கொடுக்கிறது. எங்களுக்கு அந்த மூன்றையும் பிரித்தாளுகிற ஆடம்பரம் கிடையாது, தோட்டக்காரர் போடுகிற யூரியாவும் நகரத்து மலக்குழியும் ஒரே கல்லுக்குள்தான் இறங்குகின்றன.

அந்த யூரியா கதையையும் சொல்லத்தான் வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைக்கிற தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது என்று 1980 களில் இருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடினால் முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு இன்னும் கூடும்.

சரி, அது பசளையால் மட்டும்தானா? அப்படியும் இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகள் பெரும்பாலும் மலக்குழியையும் கிணற்றையும் ஒரே வளவுக்குள் வைத்திருப்பவை. இரண்டுக்கும் இடையில் 50 அடி விடுங்கள் என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்வார். முன்பு நாலு பரப்பில் ஒரு வீடு இருந்தபோது அது லேசு. காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து சீதனமாகப் போய்ப் போய், ஒன்றரைப் பரப்பில் ஒரு வீடு வந்தபிறகு, உங்கள் மலக்குழி உங்கள் கிணற்றுக்கு 50 அடி தள்ளி இருக்கும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு மதிலடியில் இருக்கும். போதாக்குறைக்கு வெடிப்பும் குகையுமான கல்லில் 50 அடி என்பது ஒரு காவல் இல்லை. மண்ணுக்குள் மெல்ல ஊறி வடிகட்டப்பட்டு வருகிற தண்ணீருக்கு அந்தத் தூரம் பொருந்தும், வெடிப்பு வழியே ஓடுகிற தண்ணீருக்குப் பொருந்தாது. இதில் பசளையின் பங்கு எவ்வளவு, மலக்குழியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும், நைதரசனின் சமதானிகளை, அதாவது அதன் பாரம் வேறுபட்ட அணுக்களை, அளந்து மூலத்தைக் கண்டுபிடிக்கிற முறை இருக்கிறது. அதற்குக் கருவி வேண்டும், ஆள் வேண்டும், காசு வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் திட்டம் போட்டால், தோட்டக்காரர் மீது பழியைப் போட்டுவிட்டு நகரம் தப்பிவிடும், அல்லது மறுவளமாக நடக்கும்.

வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, உவையள் வந்து போத்திலில தண்ணி எடுத்துக்கொண்டு போகினம், பிறகு ஒருத்தரும் வந்து என்ன இருக்கெண்டு சொல்லுறேல்லையே?" நியாயமான கேள்வி. கிணற்றுக்காரருக்கு முடிவைச் சொல்லாத ஆராய்ச்சி பாதி வேலை என்றுதான் நானும் சொல்வேன். ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பட்டத்துக்கோ பதவி உயர்வுக்கோ போய்ச் சேர்ந்து, நூலகத் தட்டில் நின்றுவிடுகின்றன. எங்கள் காசில் எழுதியது எங்கள் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கமாகவாவது வரவேண்டாமா? பல்கலைக்கழகத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் "அதற்குப் புள்ளி கிடையாது" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, சர்வதேசச் சஞ்சிகையில் வருகிற கட்டுரைக்குக் கிடைக்கிற மதிப்பு ஊர்ச் சனசமூக நிலையத்தில் சொல்கிற விளக்கத்துக்குக் கிடைப்பதில்லை.

தரவு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தை விட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. 1981 இல் குடிசன மதிப்பீடு எடுத்தார்கள். 1991 இல் நாட்டில் எங்குமே எடுக்கவில்லை. 2001 இல் எடுத்தார்கள், ஆனால் யுத்தத்தால் இங்கே முழுமையாக எடுக்க முடியவில்லை. அடுத்த முழுமையான கணக்கு 2012 இல். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. 1981 இல் 7 இலட்சத்தைத் தாண்டியிருந்த யாழ் மாவட்டச் சனத்தொகை 2012 இல் 5.8 இலட்சமளவில் வந்து நின்றது. வழக்கமான நகரத் திட்டமிடல் பாடம் "நகரம் வளர்கிறது, வளர்ச்சிக்கு இடம் ஒதுக்கு" என்றுதான் தொடங்கும். சனம் குறைந்த, ஆனால் வீடும் மதிலும் கூடிய, பூட்டிய வீட்டுத் திறப்பு கனடாவில் இருக்கிற ஒரு ஊருக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்துமா? இதற்கு இங்கேதான் விடை தேட வேண்டும், டிரெஸ்டனில் இருந்து வராது. அங்கிருந்து அளக்கிற முறையை எடுக்கலாம், விடையை எடுக்க முடியாது.

இனிப் பிராந்தியம் என்று சொன்னேனே, அதற்கு இரணைமடு. யாழ்ப்பாணத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2010 இல் ஒரு திட்டம் அனுமதிக்கப்பட்டது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை உயர்த்தி, கூடுதலாகச் சேர்கிற தண்ணீரில் ஒரு பங்கைக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவது என்பது யோசனை. பொறியியலாகப் பார்த்தால் அழகு. கிளிநொச்சி விவசாயிகள் ஒப்பவில்லை: மழை பொய்த்த வருடத்தில் எங்கள் சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கைக்கு) யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அணைக்கட்டுக் கணக்கில் அடங்காது. வறட்சி வருடங்களில் எவ்வளவு வரும் என்பது நீரியல், யாருக்கு முதல் உரிமை என்பது சட்டமும் சமூகமும், விட்டுக்கொடுத்தவருக்கு என்ன ஈடு என்பது பொருளியல். மூன்றையும் முதலிலேயே ஒரே மேசையில் வைத்து ஆராய்ந்திருக்க வேண்டும். கடைசியில் பாதை மாறி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. தண்ணீர் வந்தது நல்லதுதான், பவுசருக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கடல்நீரைச் சுத்திகரிக்க ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும், வானத்தில் இருந்து சும்மா விழுகிறதைக் கடலுக்கு ஓடவிட்டுவிட்டுக் கடலில் இருந்து மின்சாரம் செலவழித்து எடுக்கிறோம் என்பதையும் கணக்கில் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

வெளியில் இருந்து குடாநாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற யோசனை புதிதும் இல்லை. 1950 களில் பொறியியலாளர் ச. ஆறுமுகம் ஆனையிறவு ஏரியை நன்னீர் ஏரியாக்கி, அந்தத் தண்ணீரை வாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவந்து, குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பெருக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார். யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்று ஊரில் பேசப்படுவது அதுதான். சில பகுதிகள் கட்டப்பட்டன, முழுதாக முடியவில்லை. அரச சம்பளத்தில் இருந்த ஒரு பொறியியலாளர், இந்த மண்ணை அளந்து, பிராந்தியம் முழுவதையும் ஒன்றாக வைத்து யோசித்த வேலை. பொதுநிதி ஆராய்ச்சிக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பரம்பரை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சுன்னாகத்தையும் விட்டுவிட முடியாது. 2014, 2015 அளவில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்திருக்கிறது என்று பெரிய போராட்டமே நடந்தது. ஒரு அறிக்கை ஒன்றைச் சொல்ல இன்னொரு அறிக்கை வேறொன்றைச் சொன்னது, சனத்துக்கு யாரை நம்புவதென்றே தெரியவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பிரச்சினை வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கிணறுகளின் தண்ணீரை யாராவது ஒழுங்காக அளந்து வைத்திருந்தால் அந்த வாதம் எவ்வளவோ சுருங்கியிருக்கும். தொடர்ச்சியாக அளப்பது சலிப்பான வேலை. அதற்கு விருது கிடையாது, திறப்புவிழா கிடையாது, நாடா வெட்ட அமைச்சர் வரமாட்டார். அதனால்தான் முதலில் வெட்டப்படுகிற செலவும் அதுவாக இருக்கிறது.

நிதி எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால், ஒன்று நிறுவனத்துக்கு வருடாவருடம் போகிற நிலையான ஒதுக்கீடு, சம்பளமும் ஆய்வுகூடமும் அதில் ஓடும். இன்னொன்று போட்டி மானியம்: தேசிய விஞ்ஞான மன்றம் மாதிரியான ஒரு அமைப்பு தலைப்பை அறிவிக்கும், ஆய்வாளர்கள் விண்ணப்பிப்பார்கள், அதே துறையில் இருக்கிற வேறு ஆட்கள் வாசித்துப் புள்ளி போடுவார்கள், தெரிவானவர்களுக்குத் தவணை தவணையாகக் காசு வரும். மூன்றாவது, ஒரு திணைக்களமோ உலக வங்கி போன்ற கடன் கொடுப்பவரோ தங்கள் திட்டத்துக்காகச் செய்விக்கும் ஆலோசனை அறிக்கை. பத்திரிகையில் இது மூன்றையும் "ஆய்வு" என்றுதான் போடுவார்கள். மூன்றாவது வகையைக் கொஞ்சம் கண்ணைத் திறந்து வாசிக்க வேண்டும். கேள்வியைத் தீர்மானித்தவர் காசு கொடுத்தவர், தவணையைத் தீர்மானித்ததும் அவரே. பிழை என்று சொல்லவில்லை, கேட்கப்படாத கேள்விக்கு அதில் விடை இருக்காது என்று மட்டும் சொல்கிறேன். முதலாம் இரண்டாம் வகையில்தான் யாரும் கேட்காத கேள்வியை ஒரு ஆய்வாளர் தானாகக் கேட்க இடம் இருக்கிறது.

இந்தத் துறையில் தண்ணீர் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். போக்குவரத்து, வீட்டு வாடகை, வெக்கை, மரநிழல், மாற்றுத்திறனாளிகள் பஸ்ஸில் ஏறுவது, பழைய வீடுகளைப் பாதுகாப்பது எல்லாம் இதற்குள் வரும். இங்கே தண்ணீரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், யாழ்ப்பாணத்தில் மற்றதெல்லாம் கடைசியில் அதில்தான் வந்து முட்டும். குளங்களைப் பாருங்கள். குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன என்று சொல்வார்கள், சின்னதும் பெரிதுமாக. நகரத்துக்குள்ளேயே ஆரியகுளம், புல்லுக்குளம் என்று வரிசை. அவை அழகுக்கு வெட்டியவை இல்லை, மாரித் தண்ணீரைப் பிடித்து மெல்லக் கல்லுக்குள் இறக்குவதற்கும் ஊரை வெள்ளத்தில் இருந்து காப்பதற்கும்தான். ஒரு குளம் இன்னொன்றுக்கு வாய்க்காலால் தொடுபட்டிருக்கும். குளத்தைத் திருத்திக் கரையில் கதிரை போடுவது படத்துக்கு நல்லது, வாய்க்காலை யாராவது மதில் கட்டி மறித்திருந்தால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வரவேண்டிய பாதையே இல்லை. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவியும் கொட்டிய மழையில் எந்தெந்த ஒழுங்கைகளில் தண்ணீர் நின்றது என்பதைப் பழைய வாய்க்கால் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கிற ஒரு ஆய்வு, என்னைக் கேட்டால், நாலு மாநாட்டை விடப் பெறுமதியானது.

இப்படி ஒரு ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் எப்படி வாசிப்பது? தலைப்பையும் முடிவுரையையும் விட்டுவிட்டு முதலில் எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். முதல் மழை விழுந்ததும் கோடை முழுக்க மேல்மண்ணில் கிடந்த நைத்திரேற்று கரைந்து கீழே இறங்கும், அதனால் ஒரு மாதம் மட்டும் அளந்து "பாதுகாப்பு" என்று சொன்னாலும் "ஆபத்து" என்று சொன்னாலும் அது பாதிக் கதை. எத்தனை கிணறு, எந்த ஊர், தோட்டக் கிணறா வீட்டுக் கிணறா, குழாய்க்கிணறா என்று பாருங்கள். நைத்திரேற்று என்று எழுதியிருக்கிறதா, நைத்திரேற்று-நைதரசன் என்று எழுதியிருக்கிறதா என்பதும் முக்கியம். முதலாவதற்கு எல்லை 50, இரண்டாவதற்குச் சுமார் 11. இதைக் குழப்பினால் கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகத் தெரியும். யாருடைய காசு என்று ஒரு வரி கடைசியில் இருக்கும், அதையும் வாசியுங்கள்.

அறிக்கை கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த அரச நிறுவனத்திடமும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்பார்கள், பத்திரிகையில் சின்ன எழுத்தில் ஒரு விளம்பரம் வரும், அநேகமாக நாங்கள் தாண்டிப் போகிற பக்கத்தில். தகவல் கேட்கும்போது "யாழ்ப்பாணத் தண்ணீர் பற்றிய எல்லாம்" என்று எழுதினால் ஒன்றும் வராது. எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை, நீர்மட்டமா உப்புத்தன்மையா நைத்திரேற்றா என்று பிரித்து எழுதுங்கள். அளந்த திகதியோடு சேர்த்துத் தரச்சொல்லிக் கேளுங்கள், சராசரியை மட்டும் தந்துவிட்டுப் போகவிடாதீர்கள்.